அடைக்கலமேரியின் கையெழுத்து

திருவொற்றியூர்
5 ஆகஸ்ட் 2025

மடுமாதா துணை

என் அன்புள்ள மேரியக்காவுக்கு,

லூர்துநாயகி எழுதுவது. நீங்கள் போனை எடுக்கவில்லை. நேரில் வந்தேன், வார்டு வாசலிலேயே நிறுத்தி "நீ போ லூர்து" என்றீர்கள். வேறு வழி தெரியாமல் இதை எழுதி டிரைவர் பக்தவச்சலத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். இருபத்தொன்பது வருடப் பழக்கத்தில் நாம் ஒரு துண்டுக் காகிதம் எழுதிக்கொண்டதில்லை. பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு?

ஆண்ட்ரூவுக்குக் காய்ச்சல் இறங்கியதா? இரண்டு கையும் மார்பும் வெந்துவிட்டதாக டாக்டர் சொன்னார் என்று அவன் மனைவி டெபோரா சொன்னாள். முகம் தப்பியதற்கு மாதாவுக்கு நன்றி சொன்னேன். நான் பெறாவிட்டாலும் என் கையிலும் வளர்ந்தவன் அவன். ராயபுரத்தில் உங்கள் வீட்டு முன்னறையில் நாம் தைக்கும்போது வெட்டுத் துணிக் குவியலின் மேல் தூங்கிக் கிடப்பானே, அந்த முகம்தான் எனக்குக் கண்ணில் நிற்கிறது. "சித்தி, எனுக்கும் ஒரு டாங்ரி தைச்சுக் குடு, நானும் நைனா மாறி ஆர்பருக்குப் போறேன்" என்பான், துறைமுகத்துக்கு நாம் தைக்கும் வேலை உடுப்பைப் பார்த்து. மணலியில் வெல்டராகச் சேர்ந்த அன்றைக்கு நம் கம்பெனி உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து என் மேசை முன்னால் நின்று சல்யூட் அடித்தான்.

அக்கா, அவனைப் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாம். பேசி வைத்திருக்கிறேன். தோல் வைத்துத் தைக்கிற டாக்டர் ஒருவர் வெளியூரிலிருந்து வருகிறார். நீங்கள் தலையை ஆட்டினால் போதும்.

இன்னொன்றும் யோசித்தேன். நம் பகுதியில் தீக்காயத்துக்கென்று பத்துக் கட்டில் கொண்ட ஒரு பிரிவு கட்டிக் கொடுக்க ஆசை. வாசலில் ஆண்ட்ரூவின் பெயர் இருக்கும். பங்குச் சாமியாரிடமும் கதைத்துவிட்டேன், சந்தோஷப்பட்டார்.

அகதி முகாம் பிள்ளைகளுக்கான விடுதி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அறுபது பெண் பிள்ளைகள் தங்கிக் கல்லூரிக்குப் போகலாம். செப்டம்பர் எட்டு, மாதா பிறந்த நாளில் திறப்பு. ரிப்பன் வெட்டுவது நீங்கள்தான் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே சொன்னேன். அன்றைக்கு நீங்கள் வராவிட்டால் எனக்கு அது கட்டடமே இல்லை. பத்தொன்பது வயதில் பேசாலையிலிருந்து ஒரு படகில், ஈரச் சட்டையோடு இராமேஸ்வரம் மணலில் இறங்கினவள் நான். கும்மிடிப்பூண்டி முகாமில் இருந்தவளை வண்ணாரப்பேட்டைத் தையல் கடையில் பார்த்து, "சாப்ட்டியா நீ?" என்று கேட்ட முதல் ஆள் நீங்கள். அதை நான் மறந்தால் எனக்குச் சோறு இறங்காது.

பழக்கூடையும் அனுப்பியிருக்கிறேன். ஒரு வரியாவது எழுதி அனுப்புங்கள்.

உங்கள்
லூர்துநாயகி


கொருக்குப்பேட்டை
8 ஆகஸ்ட்

லூர்துவுக்கு,

பழக்கூடையை நர்சுகளிடம் கொடுத்துவிட்டேன். இனி எதுவும் அனுப்ப வேண்டாம். ஆஸ்பத்திரியை மாற்றவும் வேண்டாம். இங்கே நன்றாகத்தான் பார்க்கிறார்கள். நான் என் தங்கை சிலுவையம்மாள் வீட்டில் இருந்து போய் வருகிறேன்.

உன் குரலைக் கேட்டால் நான் இளகிப் போவேன். அதனால்தான் போனை எடுக்கவில்லை. எழுத்தில் கேட்டால் எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். எழுத்தில் மழுப்புவது கஷ்டம்.

சேர்த்த அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் கவரை என் கையில் கொடுத்தார்கள். ஆண்ட்ரூ போட்டிருந்த உடுப்பில் வெட்டி எடுத்தது போக மிச்சம். ஒரு கை, காலர், முதுகில் பாதி. காலரில் நம் லேபிள் இருந்தது. 'மடுமாதா சேஃப்டி வேர். தீ பற்றாத துணி.'

நேற்று அவனுக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. "எப்படிடா ஆச்சு?" என்று கேட்டேன். "பொறி பட்டுச்சும்மா. டெய்லி படும். தட்டுனா போயிடும். அன்னிக்குப் போவல. சட்டை உருகிச்சு. கய்ட்டலாம்னு இஸ்த்தேன், தோலோட வந்துச்சு" என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கேஸ் அடுப்பைப் பற்றவைத்தேன். அந்தக் கையின் ஓரத்தில் தீ படாத இடத்தில் நான்கு இழை உருவி நெருப்பில் காட்டினேன். பதினாறு வயதில் தையல் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்குத் தெரிந்த சோதனைதான். பருத்தி என்றால் காகிதம் மாதிரி கருகிச் சாம்பல் ஆகும். மருந்து ஏற்றிய பருத்தி என்றால் நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். இது இரண்டும் செய்யவில்லை. சுருண்டது, சொட்டியது, ஆறிய பிறகு கடுகு மாதிரி கறுப்பு உருண்டை. விரலால் நசுக்கினேன், நசுங்கவில்லை.

இது பாலியெஸ்டர் கலந்த துணி. வெல்டிங் செய்கிறவனுக்கு யாராவது இதைத் தைத்துக் கொடுப்பார்களா?

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். வார்டு, கட்டில், பெயர்ப் பலகை எதுவும் வேண்டாம், இதற்கு மட்டும் பதில் எழுது.

உனக்குத் தெரியுமா, தெரியாதா?

அடைக்கலமேரி


திருவொற்றியூர்
10 ஆகஸ்ட் 2025

மடுமாதா துணை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலக அறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆண்ட்ரூ சொன்னதை நீங்கள் எழுதியிருந்த வரியைத் தாண்டி வெகுநேரம் என்னால் போக முடியவில்லை.

அந்தத் துணி ஒரு தரகர் மூலமாக வடக்கே இருந்து வந்தது. சோதனைச் சான்றிதழோடுதான் வந்தது. ஃபைலில் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன். அந்தத் தரகர் இப்போது போனை எடுப்பதில்லை. என்னை ஏமாற்றியிருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன். விசாரித்துக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அதுவரை அந்தக் கவரை யாரிடமும் காட்ட வேண்டாம் அக்கா. இதை என்னை நினைத்துச் சொல்லவில்லை. கம்பெனி யார் பெயரில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அகதிப் பதிவு அட்டையை வைத்துக்கொண்டு லைசென்ஸ் வாங்க முடியாது, பாங்கில் கணக்குத் திறக்க முடியாது என்று ஆனபோது நீங்களும் ஆண்ட்ரூவின் அப்பா யேசுதாஸ் அண்ணனும்தான் "எங்க பேர்ல போடு" என்றீர்கள். அன்றிலிருந்து இன்று வரை எல்லாக் காகிதத்திலும் உரிமையாளர் அடைக்கலமேரிதான். போலீஸ் வந்தால் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது உங்களை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள்.

நூற்று அறுபது பெண்கள் இங்கே தைக்கிறார்கள். பாதிப் பேர் முகாமிலிருந்து வருகிறவர்கள். வீட்டுக்கு வீடு இந்தச் சம்பளத்தில்தான் உலை வைக்கிறார்கள். விடுதியில் சேர முப்பத்திநான்கு பிள்ளைகள் இடம் வாங்கிவிட்டார்கள். கீர்த்தி என்று ஒருத்தி, நர்சிங் படிக்கப் போகிறாள், தினமும் வந்து தன் அறை எது என்று பார்த்துவிட்டுப் போகிறாள். ஒரு கவர் இதையெல்லாம் சாய்த்துவிடும்.

ஆண்ட்ரூவுக்கு என்ன தேவையோ எல்லாவற்றையும் என் ஆயுள் வரை நான் செய்வேன். அது சத்தியம்.

உங்கள்
லூர்து


கொருக்குப்பேட்டை
13 ஆகஸ்ட்

லூர்துவுக்கு,

தெரியுமா தெரியாதா என்று கேட்டேன். "என்றுதான் நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். இருபத்தொன்பது வருடத்தில் உன்னை எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரியாது என்றால் தெரியாது என்று ஒரே வார்த்தையில் எழுதியிருப்பாய்.

போலீஸ் என் வாசலுக்கு வரும் என்று எழுதியிருக்கிறாய். அக்கறையாகத்தான் எழுதியிருக்கிறாய் என்று நம்பப் பார்த்தேன். மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் எனக்கு மிரட்டலாகத்தான் கேட்டது. அன்றைக்கு அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டபோது என் அம்மா என்ன சொன்னார்கள் தெரியுமா? "யாரோ எவளோ, நாளைக்கு உன்னை மாட்டிவிட்டுப் போயிடுவா." நான் அவர்களோடு ஒரு மாதம் பேசவில்லை. உனக்காக.

எனக்கு வருடத்துக்கு நாலு தடவை போனில் ஓடிபி வரும், பக்தவச்சலத்திடம் சொல்வேன். அவ்வளவுதான் எனக்கும் அந்தக் கம்பெனிக்கும். தீபாவளிக்குச் சேலை, கிறிஸ்துமசுக்குக் கேக். வேறு எதுவும் நான் கேட்டதில்லை.

நேற்று ஆண்ட்ரூவோடு வேலை செய்கிற குமாரவேல் பார்க்க வந்தான். வார்டுக்கு வெளியே நின்று அழுதான். அவன் போட்டிருந்ததும் நம் உடுப்பு. "இது எப்போ குடுத்தாங்க?" என்று கேட்டேன். "மே மாசம் யக்கா. ஆண்ட்ரூவுக்குக் குடுத்த அதே லாட்டு. எங்க காண்ட்ராக்ட்ல அல்லாருக்கும் அதான்" என்றான். சட்டையின் கீழ் மடிப்பில் இரண்டு இழை உருவித் தரச் சொன்னேன். தீப்பெட்டி வாங்கி ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே கொளுத்திப் பார்த்தோம். அதே கறுப்பு உருண்டை.

"செப்டம்பர் ஒண்ணாந்தேதி ஷட்டவுன் ஆரம்பிக்குது யக்கா" என்றான். வருடத்துக்கு ஒருமுறை எல்லா இயந்திரத்தையும் நிறுத்திப் பழுது பார்ப்பார்களாமே, அது. முந்நூறு பேர், மூன்று வாரம், இரவும் பகலும் வெல்டிங், கட்டிங். எல்லாருக்கும் உன் உடுப்பு.

ஆக, இது என் பிள்ளையோடு முடிந்த கதை இல்லை. நீ விசாரித்துக்கொண்டே இரு. ஆனால் அந்த உடுப்புகளை ஒன்று விடாமல் திரும்ப வாங்கு. தீயில் நிற்காது, போடாதீர்கள் என்று உன் வாயால் சொல்லி வாங்கு. இன்றைக்கே செய்.

ஆண்ட்ரூ பெயரில் வார்டு கட்டாதே. அதை நிரப்ப இன்னும் ஆள் அனுப்பப் போகிறாயா?

அடைக்கலமேரி


திருவொற்றியூர்
18 ஆகஸ்ட் 2025

அக்கா,

எனக்குத் தெரியும்.

மார்ச் மாதம் துணி இறங்கிய அன்றைக்கே தெரியும். கட்டிங் பார்க்கிற ராமசெல்வி ஒரு இழையைக் கொளுத்தி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். "மேடம், இது குண்டு கட்டுது. சரக்க திருப்பி அனுப்பிடலாம்" என்றாள். நான் அந்த உருண்டையைப் பார்த்தேன். "சான்றிதழ் இருக்கு, வெட்டு" என்றேன். அவள் போகாமல் நின்றாள். "வெட்டு ராமசெல்வி" என்றேன், கொஞ்சம் சத்தமாக. அதோடு அவள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

நல்ல துணிக்கு ஒதுக்கி வைத்திருந்த பணத்தை விடுதியின் மேல்தளம் போடுவதற்கு எடுத்துவிட்டேன். மழைக்கு முன்னால் கூரை முடிய வேண்டும், செப்டம்பர் எட்டுக்குத் திறக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் வந்து எழுதிவிட்டார்கள். மணலி ஆர்டரையும் மே மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நானூற்று அறுபது உடுப்பு. பாதிப் பேர் தூசுக்கும் எண்ணெய்க்கும்தானே போடுகிறார்கள், ஒரு தடவைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆண்ட்ரூ அந்த காண்ட்ராக்டில் இருக்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். அவனுக்கு மட்டும் பழைய துணியில் தனியாக ஒன்று தைக்கச் சொல்லலாம் என்று ஒருநாள் நினைத்தேன். அப்படிச் செய்தால் நான் தெரிந்து செய்தேன் என்று எனக்கே ஆகிவிடும். அதனால் செய்யவில்லை. இதைவிட மோசமான ஒன்றை என்னைப் பற்றி நான் எழுத முடியாது.

ஏன் அந்த விடுதி அவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். முகாமுக்கு வந்த அடுத்த வருடம் ஏதோ ஒரு சங்கத்துப் பெண்கள் சேலை கொடுக்க வந்தார்கள். வரிசையில் நின்றேன். கையில் வாங்கியதும் புகைப்படக்காரர் சரியாக வரவில்லை என்றார். சேலையைத் திருப்பி வாங்கி, மறுபடி கொடுத்தார்கள். அப்படி மூன்று தரம். மூன்றாவது தரம் "சிரியம்மா" என்றார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன், நான் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பேன் என்று. உங்கள் முன்னறையில் இரண்டு மிஷின் போட்டோம். யேசுதாஸ் அண்ணன் துறைமுகத்தில் பேசி முதல் ஆர்டராக அறுபது டாங்ரி வாங்கி வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு தையலையும் நான் அந்த மேசையை நோக்கித்தான் போட்டேன். பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், கண் ஆபரேஷன் செய்து வைத்தேன், புயல் வந்தால் அரிசி கொடுத்தேன். கொடுப்பது பழகிவிட்டது அக்கா. கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் என்ன செய்கிறேன் என்று பார்க்கவில்லை.

உடுப்புகளைத் திரும்பக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். வழக்கு வரும். முப்பத்தைந்து வருடம் ஆகியும் இந்த நாட்டுக்கு நான் யாரோதான். வழக்கு உள்ள அகதியை எங்கே வேண்டுமானாலும் அடைக்கலாம், திருப்பி அனுப்பவும் செய்யலாம். பேசாலையில் எனக்கென்று இப்போது ஒரு கல்லறைகூட இல்லை.

செப்டம்பர் எட்டு வரை மட்டும் பொறுங்கள். பிள்ளைகள் விடுதிக்குள் போய்விடட்டும். மறுநாளே அத்தனை உடுப்பையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறேன். ஷட்டவுனில் முதல் வாரம் சுத்தம் செய்யும் வேலைதான் என்று விசாரித்தேன்.

இந்தக் கடிதத்தை வைத்து நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். தெரிந்தேதான் கொடுத்து அனுப்புகிறேன்.

லூர்துநாயகி


கொருக்குப்பேட்டை
21 ஆகஸ்ட்

லூர்துவுக்கு,

நீ எட்டாம் தேதி வரை கேட்டாய். நான் ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் ஆண்ட்ரூவை டெபோராவிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனேன். நீ விடுதியில் டைல்ஸ் பார்க்கப் போயிருந்தாய்.

ராமசெல்வியைக் கூப்பிட்டு நம் லெட்டர்பேடை எடுக்கச் சொன்னேன். "மேடம் சொல்லாம எப்டி யக்கா?" என்று பயந்தாள். "கம்பெனி யார் பேர்ல கீதுன்னு பேப்பர எட்த்துப் பாருடி" என்றேன். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. உட்கார்ந்து டைப் அடித்தாள். 'மே மாதம் நாங்கள் கொடுத்த நானூற்று அறுபது உடுப்பும் தீயில் உருகும் துணி. யாரும் போட வேண்டாம். உடனே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். உரிமையாளர், அடைக்கலமேரி.' அடிக்கும்போதே அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "மார்ச் மாசத்துலயிருந்து தூக்கம் இல்லக்கா" என்றாள். நான் அவளைத் திட்டத்தான் நினைத்திருந்தேன், முடியவில்லை.

காண்ட்ராக்டருக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று, தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஒன்று. மூன்றையும் நானே கொண்டு போய்க் கொடுத்து முத்திரை வாங்கினேன். ஆய்வாளரிடம் அந்தப் பிளாஸ்டிக் கவரையும் கொடுத்துவிட்டேன். "ஏம்மா, இது உங்க மேலயே கேஸ் ஆகுமே, தெரியுமா?" என்றார். "தெரியும் சார். அந்த உடுப்பு போட்டவன் என் பிள்ளை" என்றேன். எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார்.

துணி வாங்கியது யார் என்று கேட்டார். உன் பெயரை நான் சொல்லவில்லை. நாளை மறுநாள் வந்து எழுதிக் கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். உன் கடிதத்தையும் அவரிடம் காட்டவில்லை. இதோடு திருப்பி அனுப்புகிறேன். நீ தொலைந்து போக வேண்டும் என்று நினைத்திருந்தால் அந்த ஒரு கடிதம் போதும். நீ தொலைய வேண்டாம். நீ வந்து சொல்.

நீ வரவில்லை என்றால் வாங்கியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். காகிதப்படி அதுதானே உண்மை. அதற்குப் பிறகு நீ யாரோ, நான் யாரோ.

சனிக்கிழமை காலை பதினோரு மணி, ஆய்வாளர் அலுவலகம்.

அடைக்கலமேரி


கும்மிடிப்பூண்டி முகாம்
14 செப்டம்பர் 2025

மடுமாதா துணை

அன்புள்ள மேரியக்காவுக்கு,

அன்றைக்கு ஆய்வாளர் அறைக்கு வெளியே அந்த பெஞ்சின் ஒரு முனையில் நீங்களும் மறுமுனையில் நானும் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. சொல்ல வேண்டியதை உள்ளே போய்ச் சொன்னேன். நீங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்ததால் அங்கே என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

ஆய்வாளர் ஃபைலைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். "உங்க பேர் இதுல எங்கயுமே இல்லையேம்மா. நீங்க யாரு?" என்றார்.

"துணியை வாங்கினது நான் ஐயா. உருகும் என்று தெரிந்தும் திருப்பி அனுப்பவில்லை. வெட்டச் சொன்னதும் நான்தான். அக்கா கையெழுத்து மட்டும்தான் கொடுத்தவ."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பேசாம இருந்திருந்தா உங்களக் கண்டுபிடிக்கவே ரொம்ப நாள் ஆகியிருக்கும்" என்றார். இந்த நாட்டில் என் பெயர் முதல் தடவையாக ஒரு கம்பெனிக் காகிதத்தில் ஏறியது அன்றைக்குத்தான், குற்றம் செய்தவளாக. எழுதி முடித்து, முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டேன் அக்கா.

போலீசார் கைது செய்து அன்று மாலையே ஜாமீனில் விட்டார்கள். வழக்கில் உங்கள் பெயர் முதலாவதாகவும் என் பெயர் இரண்டாவதாகவும் இருக்கிறது. முதலாவதை நீக்க வக்கீலிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆகும் என்றார், எப்போது என்று சொல்லவில்லை.

உடுப்புகளை வாங்க ஆள் அனுப்பவில்லை, நானே போனேன். ராமசெல்வியும் இன்னும் பன்னிரண்டு பெண்களும் கூட வந்தார்கள். மணலியில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் கேட் முன்னால் நின்றோம். பழைய பருத்திச் சட்டையைக் கொடுத்து அதைக் கழற்றி வாங்கினோம். ஒருவர் கழற்றி என் முகத்தில் எறிந்தார். எடுத்து மடித்து மற்றவற்றோடு சேர்த்துக் கட்டினேன். குமாரவேல் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "ஆண்ட்ரூவுக்கு இன்னா பதில் சொல்லப் போற?" என்று மட்டும் கேட்டார். ஷட்டவுன் தொடங்குவதற்கு முந்திய நாள் வரை, ஆய்வாளரிடம் இருக்கும் ஆண்ட்ரூவுடையதையும் சேர்த்து நானூற்று ஐம்பத்தொன்று வந்துவிட்டது. ஒன்பது வரவில்லை. ஏழு பேர் வேலையை விட்டு பீகாருக்குப் போய்விட்டார்கள், போன் போட்டுச் சொல்லியிருக்கிறோம். இரண்டு பேர் யார் என்றே தெரியவில்லை. தினமும் அந்த இரண்டு பேரை நினைக்கிறேன்.

கம்பெனிக்கு சீல் வைத்துவிட்டார்கள். ராமசெல்வி பெரம்பூர் பக்கம் ஒரு கொட்டகையில் முப்பது பேரை வைத்துப் பள்ளிச் சீருடை தைக்கத் தொடங்கியிருக்கிறாள். மற்றவர்களில் சிலர் வந்து என்னை ஏசிவிட்டுப் போனார்கள். நியாயம்தான்.

விடுதியைத் திருச்சபையிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ரிப்பன் இல்லை, பந்தல் இல்லை. எட்டாம் தேதி பிள்ளைகள் தாங்களாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்களாம். நான் பார்க்கவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் என்னை முகாமுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள், வழக்கு முடியும் வரை வெளியே போக அனுமதி வாங்க வேண்டும். பத்துக்குப் பத்து அறை. அதிகாரி மாதாந்திரச் செக்கிங்கில் பெயர் வாசித்தபோது அது என்னைத்தான் என்று உறைக்கவில்லை. பின்னால் நின்ற பிள்ளை இடித்துச் சொன்னாள்.

அக்கா, மன்னிப்புக் கேட்டு நான் இன்னும் எழுதவில்லை என்று நீங்கள் கவனித்திருப்பீர்கள். கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நீங்கள் கொடுத்தாக வேண்டும் என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆண்ட்ரூவை ஒரு தடவை பார்க்க வேண்டும். அவன் என்னைத் திட்டினாலும் சரி, முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி. நீங்கள் வேண்டாம் என்றால் நான் வரவில்லை.

லூர்துநாயகி


கொருக்குப்பேட்டை
22 செப்டம்பர்

லூர்துவுக்கு,

உன் கடிதம் தபாலில் வர ஐந்து நாள் ஆகிவிட்டது. பக்தவச்சலம் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் விடுவது அவன்தான், காசு வாங்க மாட்டேன் என்கிறான், சண்டை போட்டுக் கொடுக்கிறேன்.

ஆண்ட்ரூவுக்கு இரண்டாவது தடவை தோல் வைத்தார்கள். தொடையில் இருந்து எடுத்தார்கள். இடது கை விரல்கள் கொஞ்சம் மடங்குகின்றன. வலது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை. மறுபடி வெல்டிங் பிடிப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். "முதல்ல ஸ்பூன் பிடிக்கட்டும்மா" என்றார்.

உன் கடிதங்களை அவனுக்குப் படித்துக் காட்டினேன். நீ தெரியும் என்று எழுதிய அந்தக் கடிதம் மட்டும் என்னிடம் இல்லை, அதில் இருந்ததை வாயால் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவனுக்கு மட்டும் தனியாகத் தைக்க நினைத்துச் செய்யாமல் விட்டாயே, அதையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். அப்புறம், "சித்தி அங்க தனியாவா கீது?" என்றான். "ஆமாண்டா" என்றேன். "வரச் சொல்லும்மா" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. "உனுக்கு இன்னாடா பைத்தியமா?" என்று கத்திவிட்டேன், நர்ஸ் ஓடி வந்தாள். அவன் திரும்ப அதையேதான் சொன்னான்.

அது அவன் உடம்பு, அவன் இஷ்டம். அவன் மன்னிப்பதை நான் தடுக்க முடியாது. நான் மன்னிக்கவில்லை லூர்து. ஒவ்வொரு நாளும் கட்டுப் பிரிக்கும்போது அவன் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குத்தான் கேட்கிறது. எப்போதாவது மன்னிப்பேனா என்றும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுத எனக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை வா. முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டு வா, இல்லாவிட்டால் அதற்கு வேறு தனியாக ஒரு கேஸ் போடுவார்கள். இரண்டு மணியில் இருந்து நாலு மணி வரை பார்க்க விடுவார்கள். டெபோரா உன்னை உள்ளே கூட்டிக்கொண்டு போவாள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். உன்னோடு பேச மாட்டேன். நீயும் பேசாதே. அதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்றால் வா.

இரயிலில் வந்தால் கொருக்குப்பேட்டையில் இறங்கு. வெயிலில் நடக்காதே, பக்தவச்சலத்தை நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

அடைக்கலமேரி